பழுகாமத்து வளவுக்கு எந்த மரம்? ஊர்ப்பெயர்கள் சொல்லும் பதில்

களுவாஞ்சிக்குடியிலிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தால் படுவான்கரை. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழும் கடற்கரைப் பக்கத்தை எழுவான்கரை என்றும், சூரியன் படும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் எமது முன்னோர் பிரித்து அழைத்தனர். திரௌபதை அம்மன் ஆலயத்தாலும் தீமிதிப்பாலும் அறியப்பட்ட பழுகாமம் இந்தப் படுவான்கரையில், போரதீவுப்பற்றுப் பிரிவில் அமைந்திருக்கிறது. வயல், வாவி, சேனை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள பழைய குடியிருப்பு இது.

2007 மார்ச் மாதம் படுவான்கரை மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வாவியைக் கடந்தார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் அப்போது ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்திருந்தனர். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கு உடைந்த சுவர்களும் தூர்ந்த கிணறுகளும் காத்திருந்தன. பின்னர் வந்த வீட்டுத்திட்டங்கள் சுவரையும் கூரையையும் தந்தன. நிழலைத் தரவில்லை. கட்டடம் கட்டுவதற்காக டோசர் போட்டுத் துப்புரவாக்கிய வளவுகளில் எஞ்சியிருந்த மரங்களும் பல இடங்களில் போய்விட்டன.

வீடு கட்டி முடிந்ததும் முற்றத்தை அழகாக்க நினைப்பது இயல்பு. லொறியில் வரும் நாற்றுமேடைக்காரரிடம் பளபளப்பான இலைகளோடு கன்றுகள் இருக்கின்றன. பெயர் தெரியாவிட்டாலும் பூ நன்றாக இருப்பதால் வாங்கிவிடுகிறோம். மூன்று வருடம் போன பிறகுதான் அது எமது மண்ணுக்கும் காற்றுக்கும் பொருந்துமா என்பது தெரிகிறது. அந்த மூன்று வருடத்தை மிச்சப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரம் ஆடம்பரம் இல்லை

வளவில் மரம் நடுவதைச் செலவான பொழுதுபோக்காகப் பார்க்கிறவர்கள் உண்டு. எமது சூழலில் அதற்கு மூன்று கனமான காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது வெப்பம். ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் எமது தலைக்கு நேர் மேலே வருகிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை அது எமக்குச் சற்று வடக்காகவே பயணம் செய்கிறது. மழையில்லாத அந்த மாதங்களில்தான் மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசுகிறது. ஆகவே எமது வீடுகளில் அதிகம் சூடேறுவது மேற்குச் சுவரும் வடக்குச் சுவரும் கூரையும்தான். தகரம் அல்லது அஸ்பெஸ்ரஸ் கூரையின் கீழ் பகலில் கைக்குழந்தையோ முதியவரோ படுத்திருக்க முடியாது. மரம் வெயிலைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. இலைகள் நீரை ஆவியாக விடும்போது சுற்றியுள்ள காற்றும் குளிர்கிறது. ஓலைப்பந்தலின் நிழலைவிட வேப்பமர நிழல் சுகமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது காணி உரிமை. போரில் உறுதிகளும் அனுமதிப்பத்திரங்களும் எரிந்தும் தொலைந்தும் போன குடும்பங்கள் ஏராளம். எல்லைக் கற்களும் வேலிகளும் மறைந்த பின்னரும் காணியை அடையாளம் காட்டியவை கிணறும் மரங்களும்தான். "எங்கட வளவில புளி நிண்டது, அதுக்கு வடக்கால கிணறு" என்று சொல்லித்தான் பலர் தம் நிலத்தைக் கண்டுபிடித்தார்கள். பாகப்பிரிவினை வழக்குகளில் நில அளவையாளர் காணியிலுள்ள பயிர்ச்செய்கையையும் மரங்களின் வயதையும் அறிக்கையில் குறிப்பது வழக்கம். வயதான மரம் ஒன்று அந்த நிலத்தில் யார் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பதற்கு ஒரு சாட்சி.

மூன்றாவது எமது குடும்ப வழமை. மட்டக்களப்பில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்கே போகின்றன. தாய் நட்ட மரத்தின் கீழ் மகள் குடித்தனம் நடத்துகிறாள். முப்பது வருடத்தில் முழுமை பெறும் மரமொன்றை இன்று நடுவது பேத்தியின் சீதனத்துக்குச் சேர்ப்பது போன்றது. போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்களுக்கு வளவிலுள்ள முருங்கையும் தேசியும் தென்னையும் அன்றாடக் கைச்செலவுக்குக்கூட உதவுகின்றன.

ஊர்ப்பெயர்களே வழிகாட்டி

எந்த மரம் எமது மண்ணுக்கு உரியது என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மட்டக்களப்பின் ஊர்ப்பெயர்களை வாசித்தாலே போதும். மகிழடித்தீவு, புளியந்தீவு, இலுப்படிச்சேனை, நாவற்காடு, நாவற்குடா, பாலையடிவட்டை, தேத்தாத்தீவு, விளாவெட்டுவான், புன்னைச்சோலை; கொஞ்சம் தெற்கே போனால் மருதமுனை. மகிழ், புளி, இலுப்பை, நாவல், பாலை, தேற்றா, விளா, புன்னை, மருது என்று நாட்டு மரங்களின் பட்டியல் ஒன்றை முன்னோர் வரைபடத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆலய மரபுகளும் இதையே சொல்கின்றன. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் கதை கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் பெருகியதாகச் சொல்கிறது. மண்டூர் முருகன் தலம் தில்லை மரத்தோடு சேர்த்துத் தில்லை மண்டூர் எனப்படுகிறது.

இந்த மரங்கள் எமது மூன்று மாத அடைமழையையும் அதன்பின் வரும் நீண்ட வறட்சியையும் பல நூறு தலைமுறைகளாகத் தாங்கிப் பழகியவை. முதல் இரண்டு மூன்று கோடைகளைக் கடக்க உதவினால் போதும். அதன்பின் அவை எங்களிடம் தண்ணீர் கேட்பதில்லை. கிணற்று நீர் வற்றும் ஆவணியில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும்.

நாட்டு மரம் என்பதற்காக எல்லாவற்றையும் வளவுக்குள் கொண்டுவர முடியாது. தில்லை அதற்கு நல்ல உதாரணம். வாவிக் கரையோரக் கண்டல்களோடு நிற்க வேண்டிய மரம் அது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். ஆலும் அரசும் கோயில் வீதிக்கும் குளக்கட்டுக்கும் உரியவை. வீட்டருகே வைத்தால் வேர்கள் கிணற்றுக் கட்டையும் சுவரையும் பிளந்துவிடும்.

அழகுக்கு எதை நடலாம்?

அலங்கார மரம் என்றால் வெளிநாட்டு மரம்தான் என்ற எண்ணம் எமக்குள் எப்படியோ புகுந்துவிட்டது. சித்திரை, வைகாசியில் இலையெல்லாம் கொட்டிச் சரஞ்சரமாக மஞ்சள் பூத்து நிற்கும் கொன்றையைவிட அழகான மரம் எது? அது எமது காட்டு மரம். அதிகம் உயர்ந்து கூரையை மிரட்டாது. கேற்றடியில் அல்லது முற்றத்தின் மூலையில் நடுவதற்கு ஏற்றது.

மகிழ் மெதுவாக வளரும், ஆனால் வருடம் முழுவதும் பச்சையாக அடர்ந்து நிற்கும். உதிர்ந்த பூ காய்ந்த பின்னும் மணக்கும். இலை கொட்டும் குப்பை குறைவு. வீட்டுக்கு மேற்கே நிழலுக்காக ஒரே ஒரு மரம் வைக்கலாம் என்றால் மகிழையோ வேம்பையோ தெரிவு செய்யலாம். வேம்பு விரைவில் வளரும், மகிழ் நீண்ட காலத்துக்கு நிற்கும்.

வாவியோரத்தில் உப்புத் தன்மையுள்ள காணிகளில் பல கன்றுகள் இலை நுனி கருகிச் சாகும். அங்கு பூவரசும் புன்னையும் நன்றாக வரும். இரண்டும் கடற்கரை மரங்கள், உப்புக் காற்றைத் தாங்கும். பூவரசந் தடியை மாரியில் ஊன்றினாலே தளிர்த்துவிடும். வேலிக்கும் ஆகும், ஆட்டுக்குக் குழையும் ஆகும், மஞ்சள் பூ பழுத்துச் சிவப்பாகி விழுவதைப் பார்க்கவும் அழகு.

மாரியில் நீர் தேங்கும் பள்ளக் காணிக்கு மருதும் நாவலும் பொருத்தம். ஆற்றங்கரையில் வெள்ளத்துக்குள் வேரை வைத்துக்கொண்டு நிற்கும் மரம் மருது. 2011 ஜனவரி வெள்ளம் போன்ற பெருக்குகளில் கரை மண்ணை அரிக்காமல் பிடிப்பவை இவ்வாறான மரங்களே. ஆனால் மருது மிகப் பெரிதாக வளரும். வீட்டிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி நடவேண்டும். சிறிய வளவுக்கு அது வேண்டாம்.

பாலையும் முதிரையும் மிக மெதுவாக வளர்பவை. நடுபவர் அதன் முழு உருவத்தையும் காணமாட்டார். பரந்த காணியுள்ளவர்களும் பாடசாலைகளும் கோயில்களும் இவற்றை நடலாம். காடுகளில் அரிதாகிவரும் மரங்கள் இவை.

தேற்றாவை மறந்துவிட்டோம். அதன் விதையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கிய தண்ணீரின் மண்டி அடியில் படியும். வெள்ளம் வந்து கிணறு கலங்கும் ஊர்களுக்கு இது பயனுள்ள பழைய அறிவு. தெளிந்தாலும் கிருமி சாகாது, கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

வெளியிலிருந்து வந்தவை

வெளிநாட்டுச் செடிகள் எல்லாம் தீயவை என்று சொல்ல வரவில்லை. புளியின் பூர்வீகம் ஆபிரிக்கா என்கிறார்கள். ஆனால் அது எமது ஊராகி ஆயிரமாண்டுகள் கடந்துவிட்டன. மரமுந்திரிகை பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசர் காலத்தில் வந்தது. கோயில்களில் நிற்கும் ஈழத்தலரியின் பெயரில் ஈழம் இருந்தாலும் அதன் தாயகம் மத்திய அமெரிக்கப் பகுதி. நாகலிங்கம் தென்னமெரிக்க மரம். நித்தியகல்யாணியும் மயிற்கொன்றையும் மடகஸ்கார் தீவிலிருந்து வந்தவை. செவ்வரத்தையும் மல்லிகையும் இல்லாத முற்றத்தை நினைத்துப் பார்க்க முடியாது.

பார்க்க வேண்டியது மூன்று விடயங்கள். ஒன்று, காற்றில் முறியுமா? மயிற்கொன்றை குடைபோல் விரிந்து சிவப்பாகப் பூக்கும். ஆனால் கிளைகள் நொய்மையானவை, வேர்கள் மேலோட்டமானவை. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளியை எமது பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. மாவட்டத்தின் தென்னைகளில் மிகப் பெரும்பகுதி அன்று சாய்ந்தது. அப்படியொரு காற்று மீண்டும் வராது என்று யாரும் உறுதி தர முடியாது. கூரைக்கு மேலே நொய்ந்த கிளை நீண்டிருப்பது ஆபத்து. முருங்கைக்கும் இதே விதி.

இரண்டு, தானாகப் பரவுமா? இப்பில் இப்பில் விதை விழுந்த இடமெல்லாம் முளைக்கும். ஒருமுறை வளவுக்குள் விட்டால் வெட்டி வெட்டியே களைத்துப்போவோம். பூவுக்காகக் கொண்டுவரப்பட்ட நாயுண்ணி இன்று பற்றைக் காடுகளை மூடிக் கிடக்கிறது.

மூன்று, நஞ்சா? மஞ்சள் அலரி வேலியழகுக்காகப் பல வீடுகளில் நிற்கிறது. அதன் எல்லாப் பாகமும், குறிப்பாக விதை, இதயத் துடிப்பைக் குழப்பும் நஞ்சு. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்க வேண்டாம். வேரோடு எடுத்துவிட்டு அந்த இடத்தில் நொச்சியோ ஆடாதோடையோ செவ்வரத்தையோ நடுங்கள். பிள்ளை தவறி அதன் காயைக் கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். எமது உணர்வோடு கலந்த கார்த்திகைப்பூ நாட்டுக் கொடிதான். அதன் கிழங்கும் கடும் நஞ்சு என்பதால் பிள்ளைகளின் கைக்கெட்டாத வேலியோரத்தில் விடுவது நல்லது.

யானை வரும் ஊர்களில்

வெல்லாவெளிக்கு அப்பாலுள்ள எல்லைக் கிராமங்களில் வேறொரு கணக்கும் இருக்கிறது. வாழை, தென்னங்கன்று, பனங்கன்று, பலா, விளா எல்லாம் யானைக்கு விருப்பமானவை. அவற்றை வீட்டுச் சுவரோடு ஒட்டி வைத்தால் யானை சுவரைத் தேடி வரும். இதே காரணத்தால் நெல் மூட்டைகளைப் படுக்கையறையில் வைப்பதும் ஆபத்து. தேசி, தோடை போன்ற மரங்களை யானை பெரிதாக விரும்புவதில்லை. வஸ்கமுவப் பகுதிக் கிராமங்களில் வீட்டைச் சுற்றித் தோடை நட்டு யானை வருகையைக் குறைக்கும் திட்டமொன்று நடைமுறையில் உள்ளது. முள்ளும் மணமும் உள்ள தேசி வரிசை எமது எல்லைக் கிராமங்களுக்கும் பொருந்தும். அது யானையை முற்றாக நிறுத்திவிடாது. ஆனால் வீட்டடிக்கு அழைக்காது, காயை விற்கவும் முடியும்.

20 பேர்ச் வளவுக்கு ஒரு திட்டம்

வீட்டுத்திட்டக் காணி 20 பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 5,445 சதுர அடி. இதற்குள் வீடு, கிணறு, மலசலகூடம், கோழிக்கூடு எல்லாம் வரவேண்டும். பெரிய மரங்கள் இரண்டுக்கு மேல் இடமில்லை.

மேற்குப் பக்கத்தில், சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி ஒரு வேம்பு அல்லது மகிழ். வடமேற்கு மூலையில் ஒரு மா அல்லது நாவல், இதுவும் வேலியோரமாக. முன் முற்றத்தில் ஒரு கொன்றை. குளியலறை நீர் ஓடும் இடத்தில் வாழையும் கமுகும். குசினிக்குப் பின்னால் முருங்கை, கறிவேப்பிலை, தேசி. வேலிக்குப் பூவரசும் கிளிசரியாவும். கிழக்குப் பக்கம் காலை வெயிலுக்குத் திறந்திருக்கட்டும், அங்கே பூச்செடிகளும் மரக்கறிப் பாத்தியும் வைக்கலாம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் அருகில் பெருமரம் எதுவும் வேண்டாம். மின்கம்பிக்குக் கீழே தென்னையும் வேண்டாம்.

தென்னையை எங்கே வைத்தாலும் அது சாய்ந்தால் எங்கே விழும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்து வையுங்கள்.

நடும் முறை

நடுவதற்குச் சரியான காலம் மாரியின் தொடக்கம். ஒக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிவதற்குள் நட்டால் கன்றுக்கு மூன்று மாத மழை கிடைக்கும், கோடை வருவதற்குள் வேர் இறங்கிவிடும். ஜூன் மாதத்தில் விழா எடுத்து நடும் கன்றுகளில் பல ஆவணியைக் காண்பதில்லை.

குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். மேல்மண்ணைத் தனியாக எடுத்து, அதனோடு உக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புங்கள். கன்றின் பொலித்தீன் உறையை முற்றாக அகற்றுங்கள். கன்றைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த சருகோ போட்டு மூடினால் ஈரம் நிற்கும். ஆனால் தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் இடைவெளி விடவேண்டும். கோடையில் அடியில் சிறு துளையிட்ட மண்குடத்தைக் கன்றுக்கருகில் புதைத்து நிரப்பி வைத்தால், வாளி வாளியாக ஊற்றத் தேவையில்லை. மாடும் ஆடும் கட்டாக்காலியாகத் திரியும் ஊரில் முள்ளடைப்பு இல்லாமல் நட்ட கன்று ஒரு கிழமைகூடத் தங்காது.

விதையிலிருந்து கன்று எடுப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். வேப்பம் விதை விரைவில் உயிர்ப்பை இழக்கும், பழம் உதிர்ந்த இரண்டு கிழமைக்குள் போடவேண்டும். கொன்றை விதையின் தோல் மிகக் கடினம். ஒரு பக்கத்தைக் கல்லில் உரைத்து ஓரிரவு நீரில் ஊறவைத்தால் முளைக்கும்.

மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அற்ற மாவட்டமாக 2017 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. என்றாலும் நீண்ட காலம் தரிசாகக் கிடந்த காணியில் குழி தோண்டும்போது அறிமுகமில்லாத உலோகப் பொருள் எதுவும் தென்பட்டால் மண்வெட்டியை நிறுத்துங்கள். தொடவோ எடுக்கவோ வேண்டாம். இடத்தைத் தடியால் அடையாளமிட்டு, பிள்ளைகளை விலக்கி, கிராம உத்தியோகத்தருக்கும் பொலிசுக்கும் அறிவியுங்கள். ஒரு கன்றுக்காக ஒரு கையை இழக்கக்கூடாது.

வளர்ந்த மரத்தை வெட்ட வேண்டி வந்தால் சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியிலென்றாலும் அனுமதியின்றி வெட்ட முடியாது. பலகை, குற்றிகளை ஏற்றிச் செல்வதற்கும் அனுமதிப்பத்திரம் கேட்கப்படும். முதலில் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

ஒரு பெயருக்கு ஒரு மரம்

போர்க்காலத்தில் வடக்கு கிழக்கெங்கும் பதுங்குகுழி மூடுவதற்காகப் பனையும் தென்னையும் ஆயிரக்கணக்கில் தறிக்கப்பட்டன. உயிரைக் காக்க மரத்தைக் கொடுத்தோம். அந்தக் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தபோது அதில் நினைவும் இருந்தது, விவசாய அறிவும் இருந்தது. கார்த்திகை மழைதான் கன்றுக்குத் தாய்ப்பால். எமது வீடுகளில் திரும்பி வராதவர்களின் பெயர்கள் இருக்கின்றன. பலருக்குக் கல்லறை இல்லை, சிலருக்கு இறந்த திகதியும் இல்லை. அவர்களுடைய பெயரில் வளவில் ஒரு மகிழோ இலுப்பையோ நடுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. பெயர்ப்பலகையும் வேண்டாம். அது யாருடைய மரம் என்பது வீட்டாருக்குத் தெரிந்தால் போதும்.

புலம்பெயர்ந்து வாழும் உறவுகள் ஊருக்கு வரும்போது கோயிலுக்கும் பாடசாலைக்கும் மதிலும் வளைவும் கட்டித் தருகிறார்கள். நல்ல விடயம். அதோடு, பத்து நாட்டு மரங்களை நட்டு அவற்றுக்கு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஒருவரின் கூலியையும் கொடுத்தால் அந்த உதவி பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். கன்று வாங்கும் காசைவிட அந்தக் கூலியே முக்கியம். எமது ஊர்களில் நடுவோருக்குப் பஞ்சமில்லை, நட்டதற்குத் தண்ணீர் ஊற்றத்தான் ஆளில்லை.

இப்போதே வளவில் ஒருமுறை நடந்து பாருங்கள். மாலை நான்கு மணிக்கு எந்தச் சுவர் கையை வைக்க முடியாமல் சுடுகிறதோ, அந்தப் பக்கம் பதினைந்து அடி அளந்து ஒரு தடியை நட்டு வையுங்கள். முதல் மழை விழுந்ததும் குழி தோண்ட வேண்டிய இடம் அதுதான்.